பத்து நிமிடத்துக்கொரு வல்லூறு

என் மனைவி மூன்று வாரம் வல்லூறாக இருந்தாள். அதற்குக் காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் வாய்.

எங்கள் குடியிருப்பு நான்கு மாடிக் கட்டிடம். முன்னால் தெரு, பின்னால் மதிலோரமாக ஒரு நீளத் துண்டு நிலம். அதில் இடுப்புயரத்துக்கும் மேலே வளர்ந்த செம்பருத்திப் புதர்கள், ஒரு எலுமிச்சை, மதில்மேல் ஏறிப் படுத்திருக்கும் காகிதப்பூக் கொடி. அதை யாரும் தோட்டம் என்று சொல்வதில்லை, ‘பின்பக்கம்’ என்றுதான் சொல்வோம். எங்கள் வீடு தரைத்தளம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு செம்பருத்திக் கிளை உள்ளே என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கும்.

நான் ரேடியோ, ஸ்பீக்கர், மிக்ஸி என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரித்துப் போடும் மெக்கானிக். கடை இரண்டு தெரு தள்ளி. மனைவி குரல் கொடுப்பவள். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களில் வரும் அணில், ஆட்டுக்குட்டி, சளி பிடித்த ஆந்தை எல்லாம் அவள்தான். இப்படிப்பட்டவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. நான் ரத்தம் கொதிக்க நியாயம் பேசிக்கொண்டிருப்பேன். வாத்துக் குரலில் பதில் வரும். சிரித்துவிட்டால் தோற்றேன் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து தோற்றுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். செயலாளர் தலைமை. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘சுற்றறிக்கை’. குழாய் சொட்டினால் ஒரு சுற்றறிக்கை, குழாய் சரியானால் ஒரு சுற்றறிக்கை என்று லிஃப்ட் பக்கத்துச் சுவரை நிரப்பி வைத்திருப்பவர். நல்ல மனிதர், எழுதாமல் இருக்கத்தான் தெரியாது.

அன்றைக்கு மூன்றாம் மாடித் தையல்காரம்மா கையில் ஒரு வெள்ளைக் கோட்டுடன் வந்து நின்றார். ஒரு மருத்துவமனைக்கு டாக்டர்கள் போடும் கோட்டு தைத்துக் கொடுப்பவர் அவர். கோட்டை எல்லோருக்கும் தெரியும்படி விரித்துப் பிடித்தார். தோள்பட்டையில் பச்சையும் வெள்ளையுமாகப் புறாவின் கையெழுத்து.

“நல்லாக் கண்ணைத் திறந்து பாருங்க. அலசிக் காயப்போட்டு அரைமணி நேரம்கூட ஆகல. இது ஆறாவது கோட்டு. டாக்டர் இதைப் போட்டுக்கிட்டுப் போனா, நோயாளி எழுந்து ஓடிருவான்.”

எல்லோருக்கும் புறாமேல் கோபம் இருந்தது. பால்கனி, ஏசி மேல்பக்கம், தண்ணீர்த் தொட்டி என்று அவை பிடிக்காத இடம் இல்லை. ஆளுக்கொன்று பேசினார்கள். ஒருவர் முள்கம்பி என்றார், ஒருவர் பளபளக்கும் தாள் என்றார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“பருந்து சத்தம் போட்டா புறா நிக்காது. ஒரு ஸ்பீக்கர், ஒரு டைமர், அவ்வளவுதான். நானே செஞ்சு மாட்டிர்றேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கூட்டம் கைதட்டிவிட்டது. கைதட்டலுக்கு அப்புறம் மனிதனுக்குக் கண் தெரியாது.

வீட்டுக்கு வந்து போனில் பருந்துச் சத்தம் தேடினேன். ஒன்றில் பின்னால் வயலின் வாசித்தார்கள். இன்னொன்றில் பருந்து கத்துவதற்கு முன் ஒரு ஆள் கனைத்துக்கொண்டு ஏதோ மொழியில் விளக்கம் சொன்னான். மொட்டை மாடியிலிருந்து புறாக்களுக்குப் பாடம் நடத்தினால் நன்றாகவா இருக்கும்? என் தவிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கடைசியில் எழுந்தாள்.

“தள்ளுங்க.”

துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டாள். எதிரொலி வராமல் இருக்க வீட்டில் அவள் கண்டுபிடித்து வைத்திருந்த இடம் அது. முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. “ம், ரெக்கார்டிங் போடுங்க” என்று என் சட்டைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்கடுத்து வந்தது அவள் குரலே இல்லை.

கிக்-கீ! கிக்-கீ! கிக்-கீ!

எனக்குக் கழுத்து முடி குத்திட்டு நின்றது. ஒரு தொடரில் வில்லனாக வந்த வல்லூறுக்கு அவள் இருபத்தாறு வாரம் குரல் கொடுத்திருக்கிறாள். அதற்காக ஒரு மாதம் உண்மையான வல்லூறின் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, பால்காரர் மணியடித்தால்கூட அதே குரலில் ‘வர்றேன்’ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த உழைப்பு இப்போது எனக்கு உதவியது.

பழைய ஹார்ன் ஸ்பீக்கர், ஒரு டைமர், ஒரு மெமரி கார்டு, மழை படாமல் இருக்க ஒரு பிஸ்கட் டப்பா. இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. சூரியன் வந்ததிலிருந்து இருட்டும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து என் மனைவி வல்லூறாகக் கத்துவாள். முதல்நாள் காலை சுவிட்சைப் போட்டபோது முழுக் குடியிருப்பும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கத்தலுக்கே நூறு புறாக்கள் படபடவென்று எழும்பித் தெருவைத் தாண்டிப் பறந்தன. கைதட்டல், விசில். தையல்காரம்மா என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “உன் தொண்டையில சர்க்கரைதான் போடணும்டீ!” சுற்றறிக்கை அன்றைக்கே ஒரு நன்றிச் சுற்றறிக்கை ஒட்டினார். குழந்தைகள் அவளை வல்லூறக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் சளைக்காமல் லிஃப்டில் ஒரு கத்து கத்திக் காட்டுவாள்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலருகே அன்றைய வசனத் தாளை வைத்துக்கொண்டு நின்றிருந்தவள் தலையைச் சாய்த்தபடி சொன்னாள்.

“என்னமோ குறையுதுங்க.”

“உப்பா?”

“சத்தம்.”

அவளுக்குக் காதுதான் பிழைப்பு. நான் உடனே பிரிட்ஜிடம் போனேன். அது எப்போதும் முனகும் பிரிட்ஜ். நின்றுபோய்விட்டதோ என்று பின்பக்கத்தைக் கழற்றியே பார்த்துவிட்டேன். அது நன்றாக முனகிக்கொண்டுதான் இருந்தது. கழற்றியதைத் திருப்பி மாட்டுவதற்குள் கடைக்கு நேரமாகிவிட்டது.

என்ன குறைகிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு காலையும் பின்பக்கத்தில் கூச்சல் நடக்கும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து குடும்பத் தகராறு மாதிரி ஒரே நேரத்தில் பேசும். தேன்சிட்டு செம்பருத்திக்குள் தலையை விட்டபடி சிட்சிட்டென்று சொல்லிக்கொண்டே இருக்கும். கொண்டைக்குருவி மதில்மேல் நின்று, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கூவும். எல்லாம் இப்போது இல்லை. பறவைகள் போகவில்லை, புதருக்குள்தான் இருந்தன. வாயை மூடிக்கொண்டு இருந்தன.

அடுத்த வாரம் அவளுக்கு ஸ்டுடியோ வேலை குறைவு. ஜன்னலருகே நின்று பார்க்க ஆரம்பித்தவள், கை நீட்டினால் தொடும் தூரத்தில், செம்பருத்தியின் கவட்டையில் ஒரு கூடு இருப்பதைக் கண்டுபிடித்தாள். காய்ந்த வேரும் புல்லும் பின்னிய கிண்ணம். உள்ளே அப்போதுதான் பொரிந்த மூன்று குஞ்சுகள். உரித்த இறால் நிறத்தில் உடம்பு, உடம்பில் பாதி வாய். கொண்டைக்குருவிக் குஞ்சுகள். நான் ஸ்பீக்கரை மாட்டியபோதே தாய் முட்டைமேல் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். அதனால்தான் விட்டுப் போக முடியாமல் இருந்திருக்கிறது.

அன்று மதியம் கடைக்குப் போன் செய்தாள். குசுகுசுவென்று பேசினாள்.

“இங்க ஒண்ணு நடக்குது. தாய் வாயில புழுவோட மதில்மேல வந்து உட்கார்ந்துச்சு. கூட்டுக்கு நாலு அடிதான். அந்த நேரம் பார்த்து நான் கத்தினேன்.”

“நீ எதுக்குக் கத்துன?”

“மேல இருக்கிற நாங்க! அப்படியே கல்லாயிடுச்சு. புழு வாயிலேயே நெளியுது. அது அசையல. குஞ்சுங்களும் வாயை மூடிக் கூட்டோட கூடாப் படுத்துக்கிச்சு. எட்டு நிமிஷம். எட்டு நிமிஷம் கழிச்சுத் தலையைத் தூக்கி, ஒரு அடி வச்சுச்சு. மறுபடி கத்திட்டேன்.”

எனக்கு முன்னால் ஒரு மிக்ஸி திறந்து கிடந்தது. “பழகிரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பழகவில்லை. புறாக்கள்தான் பழகிக்கொண்டிருந்தன, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குருவி ஒருநாளும் பழகவில்லை. வசனத் தாளின் பின்பக்கத்தில் மனைவி கோடு போட ஆரம்பித்தாள்; ஒரு தடவை ஊட்டினால் ஒரு கோடு. ஒரு மணி நேரத்துக்கு நான்கு கோடு, ஐந்து கோடு. ஆணும் பெண்ணும் சேர்ந்து அலைந்தே அவ்வளவுதான். இதுதான் வழக்கமோ, குறைவோ என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லையே.

வியாழக்கிழமை அந்த ஒப்பீடு தானாக வந்தது. மதியம் மூன்று மணிக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கடையில் எனக்கு வேலை ஓடவில்லை, வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் கையை உதட்டில் வைத்து ‘ஷ்’ என்றாள். என்னை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கரண்ட் போய் இருபது நிமிடம். ஸ்பீக்கர் ஊமை. மதிலில் ஒரு தவிட்டுக்குருவி வந்து சந்தேகமாக ஒரு வார்த்தை பேசியது. இன்னொன்று பதில் சொன்னது. பிறகு பாருங்கள், அடைத்து வைத்த தண்ணீர் திறந்தது போல ஒரு கூச்சல்! எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. மூன்று வாரக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப் பார்த்தன. தேன்சிட்டு பூவுக்குப் பூ தாவியது. கொண்டைக்குருவி ஜோடி நிற்கவே இல்லை. ஒன்று ஊட்டிவிட்டு வெளியே வரும்போது மற்றது புழுவோடு உள்ளே போனது. எலுமிச்சை இலையில் இருந்த பச்சைப் புழுக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மனைவி கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கரண்ட் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பத்தொன்பது கோடு.

ஸ்பீக்கர் உயிர் பெற்றது. கிக்-கீ! பின்பக்கம் முழுக்க ஒரே நொடியில் அணைந்தது.

நாங்கள் இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“என்னமோ ஒண்ணு செய்யணும்” என்றேன். என்ன செய்வது என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே இயந்திரம் அது. தெருவில் போனால் ‘வல்லூறு மெக்கானிக்’ என்று ஆட்கள் வணக்கம் வைத்தார்கள். அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். அதைச் செய்துவிட்டதாலேயே பெரிய தியாகம் செய்தது போல இருந்தது.

சனிக்கிழமை காலை மூன்றில் சின்னக் குஞ்சு தலையைத் தூக்கவில்லை. மற்ற இரண்டும் அதன்மேல் ஏறி நின்று வாய் திறந்தன. கொஞ்ச நேரத்தில் தாய் வந்தது, அதை அலகில் எடுத்து, பறந்து போய் எங்கேயோ போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வந்து, மறுபடி புழு தேடப் போனது.

மனைவி அழுதாள். சாதாரணமாக அழும்போதுகூட ஏதாவது ஒரு குரல் போட்டுச் சிரிக்க வைப்பவள், அன்று தன் சொந்தக் குரலில் அழுதாள்.

“வல்லூறு யாரையும் தின்னலையேம்மா. சும்மா சத்தம்தானே” என்றேன், ஆறுதல் என்று நினைத்து.

“தின்னாமலே கொன்னுடுச்சுல்ல? நிஜ வல்லூறா இருந்தா ஒண்ணைத் தூக்கிக்கிட்டு அத்தோட போயிரும். நான் போகவே மாட்டேங்கிறேனே! விடிஞ்சதிலேர்ந்து அடையுறவரைக்கும் தலைக்குமேல நிக்கிறேனே!”

அப்படியே எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் நான்கு மாடி படியேறிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மொட்டை மாடிக் கதவைத் தள்ளித் திறந்தோம். அங்கே கண்ட காட்சியில் இருவரும் நின்றுவிட்டோம்.

என் பிஸ்கட் டப்பாவின்மேல் இரண்டு புறாக்கள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஸ்பீக்கரின் வாய்க்குள் மூன்றாவது புறா ஒரு குச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டைமர் ஓடியது. என் மனைவி வல்லூறாகக் கத்தினாள். புறா குச்சியைக் கீழே போட்டுவிட்டு ஸ்பீக்கருக்குள் எட்டிப் பார்த்தது. ‘யாரும்மா உள்ள?’ என்பது போல இருந்தது. பிறகு குச்சியை எடுத்து வைத்துக்கொண்டது.

அழுத கண்ணோடு அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள்.

அரைமணி நேரத்தில் எங்கள் வீட்டு மணி அடித்தது. சுற்றறிக்கையும் தையல்காரம்மாவும் நின்றிருந்தார்கள். தையல்காரம்மா கையில் மறுபடி ஒரு வெள்ளைக் கோட்டு.

“மெஷின் ஏன் நின்னு போச்சு?” என்றார் செயலாளர். “ரிப்பேர்னா எழுத்துல தெரியப்படுத்தணும்ல?”

“ரிப்பேர் இல்ல சார், நான்தான் புடுங்கினேன்” என்றாள் மனைவி.

“ஏம்மா தங்கச்சி, என் பிழைப்பு உனக்கு விளையாட்டாப் போச்சா?” தையல்காரம்மாவின் குரல் உயர்ந்தது.

“அக்கா, கோபப்படுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு கால்மணி நேரம் எங்க சமையலறையில நின்னுட்டு அப்புறம் கோபப்படுங்க.”

நான்கு பேர் அந்தச் சின்னச் சமையலறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். முதலில் சும்மா பார்க்கச் சொன்னாள். இரண்டு குஞ்சுகளுக்கும் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஊட்டினார்கள். சுற்றறிக்கை ஒவ்வொரு தடவையும் ‘அட, அட’ என்றார். பிறகு மனைவி அலமாரிக்குப் போனாள். தாய்க்குருவி புழுவோடு மதிலில் வந்து இறங்கியதும் நான் ‘ம்’ என்று குரல் கொடுத்தேன்; அவள் சட்டைகளுக்குள்ளிருந்து ஒரே ஒரு முறை மெதுவாகக் கத்தினாள்.

குருவி உறைந்தது. குஞ்சுகள் கூட்டுக்குள் அமுங்கின. ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. வாயில் புழு, கண்ணில் மட்டும் உயிர். ஆறாவது நிமிடம் தையல்காரம்மா மூச்சை விட்டார். கோட்டு கையிலிருந்து நழுவியது அவருக்குத் தெரியவில்லை.

“இது நான்” என்றார்.

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

“கல்யாணமாகிப் போன வீட்டுல மாமனார் இருமுவார். அடிச்சதில்ல, திட்டினதில்ல. இருமுவார், அவ்வளவுதான். வாசல்ல அந்த இருமல் கேட்டா, கையில கரண்டியோட அப்படியே நின்னுருவேன். பெத்த பொண்ணு பசியில அழும், கால் நகராது. ஏழு வருஷம். பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் ‘உன் மாமனார் தங்கம், ஒரு சொல்லு சொல்ல மாட்டார்’னு சொல்லுவாங்க.” கீழே கிடந்த கோட்டை எடுத்து உதறினார். “அந்த இருமலைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை மொட்டை மாடியில கட்டித் தொங்க விட்டிருக்கோமா நாம? வேண்டாம்மா தங்கச்சி. எடுத்துரு.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவருக்கே உரிய கவலை வந்தது. “அப்போ புறாவுக்கு என்ன வழி?”

தையல்காரம்மா பால்கனி இருக்கும் திசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், இரண்டு கைகளையும் விரித்துக் காற்றில் ஏதோ அளவெடுத்தார். “வலை. மேலேர்ந்து கீழவரைக்கும் இறுக்கமா. நூல் வலை கொண்டுவந்து கொடுங்க, ஓரம் மடிச்சுத் தைச்சு, வளையம் வச்சு நான் கொடுக்கிறேன். பதினாறு பால்கனிதானே? பதினாறு பொண்ணுக்குப் பாவாடை தைச்சா மாதிரி. மாட்டுற வேலை தம்பியோடது.” தம்பி என்றது என்னை. “ஸ்பீக்கர் மாட்டினவர்தானே? ஏணி ஏறட்டும்.”

என் இயந்திரத்தைக் கழற்றியபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. புறாக்கள் சேர்த்து வைத்திருந்த குச்சிகளை ஸ்பீக்கரின் வாயிலிருந்து எடுக்கும்போது அவை கைப்பிடிச் சுவரில் நின்று என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தன.

மூன்று நாள் மூன்றாம் மாடியில் தையல் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. புதன்கிழமை விடுமுறையாக இருந்ததால் அன்றைக்கு வலை மாட்டும் வேலை. குடியிருப்பே வெளியே வந்துவிட்டது. சுற்றறிக்கை ஏணியைப் பிடித்தார். அதற்கு ஒரு தனி முறை உண்டு என்று சொல்லி எனக்கு விளக்கிக்கொண்டே பிடித்தார். முதல் வலையை நான் தலைகீழாக மாட்டிவிட்டேன். “தம்பி, பாவாடைக்கு நாடா மேலதான் வரும்!” என்று தையல்காரம்மா கீழேயிருந்து கத்த, எல்லா மாடியிலும் சிரிப்பு.

பின்பக்கத்து நான்காவது பால்கனியில் நான் வளையத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கீழே தவிட்டுக்குருவிகள் ஒரு மாதிரி சத்தம் போட்டன. தகராறுச் சத்தம் இல்லை, கீச்சென்ற வேகமான எச்சரிக்கை. ஒரே நொடியில் தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாம் புதருக்குள் கல் விழுந்தது போல விழுந்து மறைந்தன. பின்பக்கம் நிசப்தம்.

கீழே நின்றிருந்த மனைவி இரண்டு கைகளையும் தூக்கினாள். “சத்தியமா நான் இல்ல!”

எங்கள் தலைக்கு மேலே, மொட்டை மாடியின் பழைய ஆன்டெனாக் கம்பியில் அது வந்து உட்கார்ந்தது. நிஜ வல்லூறு. நான் நினைத்து வைத்திருந்த அளவில் பாதிதான் இருந்தது. சாம்பல் முதுகு, மார்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள், நெருப்புத் துண்டு போலக் கண். அதற்குப் பத்தடி தள்ளிக் கைப்பிடிச் சுவரில் ஐந்தாறு புறாக்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றில் ஒன்று அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இறக்கையைக் கோதிக்கொண்டது. புறா அதைவிடக் கனமாக இருந்தது! ஏணியின் உச்சியில் நின்றபடி எனக்கு அப்போதுதான் புரிந்தது. புறாவை விரட்ட நான் கூப்பிட்டு வந்தது சின்னக் குருவி பிடிக்கிற ஆளை.

வல்லூறு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒருமுறை புதரை நோக்கி அம்பு போலப் பாய்ந்தது. என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இலைகள் சிதறின. கால் நகத்தில் ஒன்றும் சிக்காமல் மேலே வந்தது. அதற்குள் எங்கிருந்தோ இரண்டு காகங்கள் வந்து அதன் வாலைப் பிடிக்காத குறையாகத் துரத்த ஆரம்பித்தன. போகிற போக்கில் எரிச்சலாக ஒருமுறை கத்தியது.

கிக்-கீ!

மனைவி அண்ணாந்து நின்று கூர்ந்து கேட்டாள். அது தெருவைத் தாண்டி மறைந்ததும் சொன்னாள், “கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்குது. நான் வெட்டிட்டேன்.”

நான்கு நிமிடம். சுற்றறிக்கை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது நிமிடம் தாய்க்கொண்டைக்குருவி மதிலில் ஏறி நின்று, கொண்டையைச் சிலுப்பி, ஒரு குரல் கொடுத்தது. அடுத்த நிமிடம் எலுமிச்சையில் புழு பிடித்துக்கொண்டிருந்தது. தவிட்டுக்குருவிகள் நடந்ததைப் பற்றி ஒரே நேரத்தில் எட்டு விதமாகப் பேசின. பயம் வந்தது, இருந்தது, போய்விட்டது. அவ்வளவுதான். நாங்களும் வேலையைப் பார்த்தோம். மாலைக்குள் பதினாறு பால்கனியும் வலைக்குள் வந்தன. புறாக்கள் இரண்டு நாள் வலையோரமாக நடந்து நடந்து பார்த்துவிட்டு, எதிர்வரிசையில் இருந்த ஆளில்லாத கிடங்குக்குக் குடிபோய்விட்டன. தையல்காரம்மா பன்னிரண்டு கோட்டை ஒரே வரிசையில் காயப்போட்டுவிட்டு, அதைப் பார்க்க எங்களையெல்லாம் மேலே கூப்பிட்டார். போய் நின்று பார்த்தோம். வெயிலில் கண் கூசியது.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. கடையில் வயதான ஒருவரின் ரேடியோவைத் திறந்து வைத்து, கையில் பற்றவைக்கும் கோலோடு இருந்தேன். அவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக் காத்திருந்தார். போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

“பறக்கப் போகுதுங்க!” மூச்சு வாங்கியது அவளுக்கு. “பெரியது கூட்டு விளிம்புல நிக்குது. வால் இன்னும் முளைக்கவே இல்ல. பார்க்க நம்ம செயலாளர் மாதிரியே இருக்கு. தாய் மதில்ல நின்னு கூப்பிடுது, வாயில புழுவை வச்சுக்கிட்டுக் கொடுக்க மாட்டேங்குது. ‘வா, வந்து வாங்கிக்கோ’ங்கிது. ஐயோ!”

“என்னாச்சு? என்னாச்சு?”

“குதிச்சிருச்சு! விழுந்திருச்சு. இல்ல இல்ல, கிளையில தொத்திக்கிச்சு. தலைகீழாத் தொங்குது. ஏறு, ஏறு, ஏறுடா கண்ணு. ஏறிருச்சு! வாங்கிருச்சு, புழுவை வாங்கிருச்சு! இப்போ மத்தது எட்டிப் பார்க்குது. அதுக்குப் பொறாமை. அக்கா, மேலேர்ந்து தெரியுதா? தையலக்காவும் பார்த்துக்கிட்டிருக்காங்க. மத்தது… பறந்தே போயிருச்சுங்க! குதிக்கல, பறந்தே போச்சு, நேரா எலுமிச்சைக்கு!”

அதோடு அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். தவிட்டுக்குருவிகளின் அமளி, தேன்சிட்டின் சிட்சிட், குஞ்சுகள் இரண்டும் விடாமல் கேட்கும் ‘இன்னும், இன்னும்’, மேல்மாடியிலிருந்து தையல்காரம்மாவின் சிரிப்பு எல்லாம் கலந்து என் காதில் கொட்டின. நான் போனை எடுத்து, சத்தத்தைக் கூட்டி, கவுண்டரில் வைத்தேன். கோலையும் கீழே வைத்துவிட்டேன்.

பெரியவர் திறந்து கிடந்த தன் ரேடியோவைப் பார்த்தார், போனைப் பார்த்தார், குனிந்து காதைக் கொடுத்தார்.

“நல்லா இருக்கே. இது எந்த ஸ்டேஷன் தம்பி?”

“எங்க வீட்டுச் சமையலறைங்க” என்றேன்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “ரேடியோ மெதுவா ஆகட்டும்” என்றார்.